லாரியின் இரட்டைப் பேட்டரியும் பாட்டுச் செட்டும்

நெடுந்தொலைவு ஓடும் சரக்கு லாரிகளில், அடிச்சட்டத்தின் பக்கவாட்டில் பொருத்திய பெட்டிக்குள் இரண்டு பேட்டரிகள் அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் 12 வோல்ட் மின்னழுத்தம் கொண்டது. ஒன்றின் நேர்முனையை மற்றதன் எதிர்முனையோடு தடித்த கேபிளால் கோத்து, இரண்டையும் சேர்த்து 24 வோல்ட்டாக வண்டி பயன்படுத்திக்கொள்கிறது. சந்தையில் கிடைக்கும் பாட்டுச் செட்டுகளில் பெரும்பாலானவை கார்களுக்கென 12 வோல்ட்டில் செய்யப்பட்டவை என்பதால், அவற்றை லாரியில் பொருத்தும்போது ஒரு சிக்கல் எழுகிறது. அதைக் குறுக்குவழியில் தீர்க்க முயல்வதே பல பேட்டரிகள் காலத்துக்கு முன்பே செயலிழக்கக் காரணமாகிறது.

24 வோல்ட் ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்வது நல்லது. பெரிய டீசல் இயந்திரத்தைச் சுழற்றிக் கிளப்ப, செல்ஃப் மோட்டாருக்கு மிகுந்த திறன் வேண்டும். அதே திறனை இருமடங்கு மின்னழுத்தத்தில் கொடுத்தால் கேபிளில் ஓடும் மின்னோட்டம் பாதியாகக் குறைகிறது, கேபிளிலேயே வெப்பமாக வீணாவது நான்கில் ஒரு பங்காகிறது. ஆயினும் இரண்டு பேட்டரி என்றாலே 24 வோல்ட் என்று கொள்வது தவறு. அமெரிக்காவில் ஓடும் ராம், ஃபோர்டு முதலிய டீசல் பிக்கப் வண்டிகளில் இரண்டு பேட்டரிகளும் நேர்முனையோடு நேர்முனை, எதிர்முனையோடு எதிர்முனை என்று பக்க இணைப்பில் இருப்பதால், மின்னழுத்தம் 12 வோல்ட்டாகவே நின்று, கொள்ளளவு மட்டும் கூடுகிறது. அங்கே கார் செட்டை நேராகவே இணைக்கலாம். எனவே வேலையைத் தொடங்குமுன் மீட்டர் வைத்து அளப்பதே முறை.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரங்களிலிருந்து புறப்படும் லாரிகளில் கேபின் என்பது ஓட்டுநருக்கு வாரக்கணக்கில் வீடாகவே அமைந்துவிடுகிறது. இரவில் தனித்து வண்டி ஓட்டும் அவருக்குப் பாட்டு ஆடம்பரமன்று, வழித்துணை. அதனாலேயே செட் பொருத்தும் வேலையை ஒழுங்காகச் செய்வது தகும். ஆனால் நடப்பில், இரண்டு பேட்டரிகளையும் கோக்கும் கேபிளின் முனையில், அதாவது நடுமுனையில், ஒரு சிவப்பு ஒயரை முறுக்கி, அங்கிருந்து 12 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உள்ளது. செட் உடனே பாடிவிடுகிறது என்பதால் தவறு தெரிவதில்லை.

உள்ளே நடப்பது வேறு. பாட்டுச் செட் ஒரு பேட்டரியிலிருந்து மட்டுமே மின்சாரத்தை எடுக்கிறது. வண்டி ஓடும்போது மின்னேற்றம் செய்யும், பட்டறை வழக்கில் டைனமோ எனப்படும் ஆல்டர்னேட்டரோ இரண்டு பேட்டரிகளையும் ஒன்றாகவே பார்த்து, மொத்தம் ஏறத்தாழ 28 வோல்ட் கொடுக்கிறது. இரண்டும் சமநிலையில் இருந்தால் ஆளுக்கு 14 வோல்ட் கிடைக்கும். ஒன்று இளைத்திருந்தால், அதற்கு 13 வோல்ட்டும் மற்றதற்கு 15 வோல்ட்டும் என்று பங்கு பிறழ்ந்துவிடும். 15 வோல்ட் பெறும் பேட்டரியில் நீர் வாயுவாகப் பிரிந்து மட்டம் இறங்கி, தகடுகள் வெளியே தெரியத் தொடங்குகின்றன; 13 வோல்ட் பெறும் பேட்டரி ஒருநாளும் நிறைவதில்லை, அதன் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாகப் படிந்துவிடுகிறது. ஒன்று தாகத்தால் சாக, மற்றது பசியால் சாகிறது. பழியோ பேட்டரிக் கடைக்காரர் மேல் விழுகிறது.

சரியான வழி, 24 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டரை இரண்டு பேட்டரிகளின் கடைசி முனைகளுக்கிடையே இணைப்பதாகும். மின்தடை வைத்து அழுத்தத்தைக் குறைக்கும் பழைய முறையில் பாதி மின்சாரம் வெப்பமாகவே போய்விடும். மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை நிறுத்தி விடுக்கும் புதிய வகையில் அந்த இழப்பு மிகக் குறைவு. ஆனால் அந்த வேகமான நிறுத்தலும் விடுத்தலும் மத்திய அலை வானொலியில் இரைச்சலாகக் கேட்கக்கூடும் என்பதால், கன்வெர்ட்டரை ஆன்டெனாக் கேபிளுக்கு அருகில் வைக்கலாகாது.

கன்வெர்ட்டரின் அளவைத் தீர்மானிக்கச் செட்டின் உண்மைத் திறன் தெரிய வேண்டும். செட் வரும் பெட்டியின் மேல் நான்கு ஸ்பீக்கருக்கும் தலா 50 வாட் என்று அச்சிட்டிருப்பார்கள். 14.4 வோல்ட்டைத் தன்னாலேயே பெருக்கி, ஸ்பீக்கரின் தடையான 4 ஓமால் வகுத்தால் ஏறத்தாழ 52 வருகிறது, அச்செண் தோன்றும் இடம் அதுவே. சிதையாத ஒலியில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 20 வாட் அளவே. நான்கிற்கும் 80 வாட், வெப்ப இழப்பையும் சேர்த்தால் 10 ஆம்பியர் அளவு. எனவே தனி ஆம்ப்ளிஃபயர் இல்லாத செட்டுக்கு 15 ஆம்பியர் கன்வெர்ட்டர் போதும்.

பியூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும், ஏனெனில் அது காப்பது செட்டை அன்று, ஒயரை. கேபின் தகட்டின் துளையில் ஒயர் உராய்ந்து தோல் உரிந்தால், பியூஸ் இல்லாத இடத்தில் தீப்பிடிப்பதற்குச் சில நொடிகளே போதும். துளைக்கு ரப்பர் வளையம் போடுவதற்கு ஆகும் செலவு அற்பமானது. எர்த் ஒயரைப் பூச்சின் மேல் முறுக்காமல், இரும்பு பளபளக்கும் வரை சுரண்டிய இடத்தில் திருகினால், ஆக்சிலேட்டரை அழுத்தும்போது கூடவே ஏறும் விசில் போன்ற ஓசை பெரும்பாலும் மறைந்துவிடும். செட்டும் ஆம்ப்ளிஃபயரும் வெவ்வேறு இடங்களில் எர்த் எடுப்பதே அவ்வோசைக்கு வழக்கமான காரணம்.

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து, இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில் இரண்டு பேட்டரிகளையும் தனித்தனியே மீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். இரண்டும் 14 வோல்ட்டை ஒட்டி இருந்தால் குறையில்லை. ஒன்றுக்கொன்று அரை வோல்ட்டுக்கு மேல் வேறுபட்டால், நடுமுனையிலிருந்து இன்னமும் ஏதோ ஒன்று மின்சாரம் எடுக்கிறதா என்று பார்க்க வேண்டும், அது பாட்டுச் செட்டாக இல்லாமல், முன்பே எவரோ மாட்டிவிட்டுப் போன கேபின் மின்விசிறியாகவோ கைபேசிச் சார்ஜராகவோ இருக்கக்கூடும்.