பறப்புச்சில்லும் பந்தெறியும் பொறியும்



2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘பேர்ஸ்ற்’ அமைப்பு மாணவருக்கு வைத்த ரோபோப் போட்டியை எடுத்துக்கொள்வோம். 7 அங்குல விட்டமுடைய மஞ்சள் ஸ்பொஞ் பந்துகளை உயரத்திலுள்ள துவாரத்தினுள் எறிதல் வேண்டும். ரோபோ ஒரே வேளையில் 5 பந்து வரை வைத்திருக்கலாம். ஆட்டமோ இரண்டரை நிமிடமே. கொரோனாத் தொற்றினால் அவ்வாண்டுப் போட்டிகள் மார்ச் மாதத்தோடு நின்றன. பாவம், பல மாணவர் செய்த பொறிகள் களத்தையே காணவில்லை.

இத்தகைய பொறிகளில் முதற் பந்து குறியிற் பட, அடுத்தவை தாழ்ந்து விழுவது ஏன்?

மோட்டரினாற் சுழலும் பறப்புச்சில்லுக்கும் வளைந்த தகட்டுக்கும் இடையே பந்து நெருக்குண்டு உருண்டு வெளிப்படுகிறது. பெரிய மோட்டர் பூட்டினாற் போதுமென்பர் சிலர். பந்து சில்லைத் தொட்டு நீங்கும் நேரம் வினாடியின் மிகச் சிறு பங்கு. அவ்வேளையில் அதனை உந்துவது பெரும்பாலும் சில்லிற் சேமித்திருந்த சக்தியே.

நிமிடத்துக்கு 4000 சுற்றில் ஒரு சில்லு 60 யூல் சக்தி கொண்டிருக்கிறதென்றும், ஒரு பந்து உராய்வு உட்பட 15 யூலை எடுக்கிறதென்றும் வைப்போம். கதி ஏறக்குறைய 3460 சுற்றுக்கு விழும். சடத்துவத் திருப்பத்தை 4 மடங்காக்கினால் சேமிப்பு 240 யூல். கதி 3870 வரையே குறையும். அதே திணிவுள்ள வளையத்தை இரட்டிப்பு ஆரையில் அமைத்தாலே அந்த 4 மடங்கு கிடைத்துவிடும். கையாற் சுழற்றிவிட்ட குயவன் திரிகை நெடுநேரம் ஓடுவதும் கனத்த விளிம்பினாலன்றோ! எம் கருத்தில் முதலிற் செய்யத்தக்க திருத்தம் இதுவே. ஆனால் அதே மோட்டருக்குத் தொடக்கத்திற் கதியேற்ற 4 மடங்கு நேரம் பிடிக்கும். ஆதலாற் பந்து பொறுக்கும்போதே சில்லை ஓடவிடுதல் வேண்டும்.

அடுத்தது கட்டுப்பாடு. குறையைக் கண்டு திருத்தும் முறையை மட்டும் நம்பினாற் சில்லு இலக்கைத் தாண்டியும் தாழ்ந்தும் ஊசலாடக்கூடும். வேண்டிய கதிக்கு எத்தனை வோல்ற்று என முன்பே அளந்து நேரே கொடுத்து, எஞ்சிய குறையை மாத்திரம் திருத்துவது நலம். ரோபோ விரைந்தோடுகையில் 12 வோல்ற்றுப் பற்றரி தளர்வதையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

சில்லு உரிய கதிக்கு மீண்டதென உணரி காட்டும்வரை அடுத்த பந்தை விடலாகாது. ஒவ்வோர் இடைவெளியும் அரை வினாடியாயினும் 5 பந்துக்கு மொத்தத் தாமதம் 2 வினாடிதான்.