அகப்பை யார் கையில்?



யாருடைய நினைவாக இன்று கூடியிருக்கிறோமோ, அந்தப் பெரியவர் எங்கள் திருச்சபைச் சேகரக் கமிட்டியின் செயலராக நெடுங்காலம் இருந்தவர். இந்த உரைக்காக அவர் எழுதிய மினிட்ஸ் புத்தகங்களைக் கேட்டு வாங்கி, ஒரு மாதம் வைத்துப் படித்தேன். ஓரமெல்லாம் பூச்சி அரித்த நீள நோட்டுகள். எழுத்து மட்டும் முத்து முத்தாக இருக்கிறது.

சபைக்குள் சண்டை என்றால் உபதேசத்தைப் பற்றியதாக இருக்கும் என்று வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் புத்தகங்களில் திரித்துவத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆராதனை எட்டு மணிக்கா, எட்டரைக்கா? கீபோர்டு வாங்குவதா, பழைய ஆர்மோனியத்தைச் சரிபார்ப்பதா? கல்லறைத் தோட்டத்துக்குச் சுவர் எழுப்ப யார் வீட்டுப் பூவரச மரத்தை வெட்டுவது? அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த பொருளுக்குப் பணம் கட்டாதவரின் பெயரைக் கோவிலில் வாசிக்கலாமா? சங்கக் காணிக்கை பாக்கி வைத்தவருக்கு ஓட்டு உண்டா? பக்கம் பக்கமாக இவைதான்.

இவற்றை அற்பம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு தாயார் தன் மகளைச் சுமந்திருந்த நாளிலிருந்து உட்கார்ந்த ஜன்னலோரத்தில் ஒரு ஞாயிறு வேறொருவர் வந்து உட்கார்ந்தால், அவருக்கு வலிப்பது வெறும் இடத்துக்காக அல்ல. தான் இந்தச் சபையில் யார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அத்தாட்சி அந்த இடம்.

பவுல் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபத்தின் நாலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்கள். எதற்காக மனஸ்தாபப்பட்டார்கள் என்று அவர் எழுதவில்லை. ஆனால் ஒரே சிந்தையாயிருக்கப் புத்தி சொல்லும் வினையை ஒருத்திக்கு ஒரு முறை, மற்றவளுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை எழுதுகிறார். இருவரையும் சேர்த்து ஒரே வினையில் முடித்திருக்கலாம், முடிக்கவில்லை. யார் பெயர் முதலில் வந்தது என்பதற்கே ஒரு வருத்தம் முளைக்கும் என்று சபையோடு பழகியவருக்குத் தெரியும். அடுத்த வசனத்திலேயே அந்த இருவரும் தன்னோடு சேர்ந்து பாடுபட்டவர்கள் என்கிறார். உடன் இருக்கும் ஒருவரைக் கூப்பிட்டு அவர்களுக்கு உதவச் சொல்கிறார். கண்டித்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக மதித்து, நடுவில் ஓர் ஆளையும் நிறுத்தினார். எங்கள் கமிட்டிக் கூட்டங்களில் நான் தேடிக் காணாதது இந்த நடு ஆளைத்தான்.

நம் நாட்டுச் சபை வரலாற்றுக்கு வருகிறேன். பிரிந்து போவதில் நமக்குப் பழக்கம் அதிகம். மிஷனரி இரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். கிராமம் கிராமமாகச் சபைகளை எழுப்பினார்; புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்தார். அவர் லுத்தரன், அவரை அனுப்பிய சி.எம்.எஸ். மிஷன் சங்கமோ ஆங்கிலிக்கன். உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கப் பேராயர் வேண்டுமா, வேண்டாமா என்பதில் மூண்ட மாறுபாடு 1835-இல் பிரிவில் முடிந்தது. அவர் ஆர்க்காட்டுக்குப் போனார். உபதேசியார்கள் வருந்தி அழைக்கத் திரும்பி வந்தார். சங்கத்தோடு நின்றவர்கள், இரேனியஸோடு நின்றவர்கள் என்று ஊர்களும் வீடுகளும் இரண்டுபட்டன. 1838-இல் அவர் காலமானார்.

அதே கேள்விதான் தென்னிந்தியத் திருச்சபை உருவான பேச்சுவார்த்தையிலும் குறுக்கே வந்து நின்றது. 1919-இல் தரங்கம்பாடியில் சபைத் தலைவர்கள் கூடியபோது, வெள்ளாளன்விளையில் பிறந்து தோர்ணக்கல்லில் பேராயராக இருந்த அசரியா முன்னின்றார். பேராயர் கை வைக்காத குருவானவரின் கையிலிருந்து திருவிருந்து வாங்கலாமா என்பதை அதற்குப் பின் 28 ஆண்டுகள் பேசினார்கள். வரைவு எழுதினார்கள், திருத்தினார்கள், கோபித்துக்கொண்டார்கள், மறுபடியும் வந்து உட்கார்ந்தார்கள். 1945-இல் அசரியா காலமானார். அவர் அந்த நாளைப் பார்க்கவில்லை. 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை ஜார்ஜ் பேராலயத்தில் ஐக்கியம் நடந்தது. அதன் உடன்பாடு இப்படி: ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள் எந்த வழியில் பெற்றிருந்தாலும் குருவானவர்களே. இனி வருகிறவர்களுக்குப் பேராயர் பட்டம் கொடுப்பார். ஒரு சபையின் மனசாட்சிக்கு விரோதமாக எந்தக் குருவானவரையும் அதன்மேல் திணிப்பதில்லை. 1835-இல் பாளையங்கோட்டை வீடுகளை உடைத்த கேள்விக்கு 112 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த விடை இது. இந்தப் பொறுமையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நெகிழ்கிறது.

ஆனால் பொறுமையை எல்லா இடத்துக்கும் மருந்தாகச் சொல்ல என் மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் தஞ்சாவூரிலும் வடக்கன்குளத்திலும் இருக்கிறது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடாத தமிழ்ச் சபை உண்டா? 1820-களின் இறுதியில் புதிதாக வந்த மிஷனரிகள்மேல் அவர் கடுமையாகக் குறை எழுதினார். பெப்ரீஷியஸ் மொழிபெயர்த்த வேதத்தை விட்டுப் புதுமொழிபெயர்ப்பைக் கொண்டுவருகிறார்கள். விழாக்களில் பூவை விலக்குகிறார்கள். தமிழ்ப் பாட்டைத் தடுக்கிறார்கள். சாதி பார்க்கும் மக்களைச் சாதி கலந்து உட்காரச் சொல்கிறார்கள். இந்த நான்கும் ஒரே மூச்சில், ஒரே வேதனையோடு வருகின்றன. பூவுக்கும் பாட்டுக்கும் அவர் வாதாடியது நியாயம். அவர் வாதாடியிராவிட்டால் நம் ஆராதனையில் தமிழ்ப்பண் வற்றிப்போயிருக்கும். உட்காரும் இடத்தைப் பற்றி அவர் வாதாடியது அநியாயம். அவ்வளவு பெரிய பக்தருக்கே இரண்டும் ஒன்றுபோலத் தோன்றியிருக்கிறது. ‘எங்கள் வழக்கம்’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டும் அடங்கிவிட்டன.

வேதமொழிபெயர்ப்பு விஷயம் இன்னும் தீரவில்லை. தஞ்சாவூரார் பெப்ரீஷியஸின் ‘பராபர’னை விட மாட்டோம் என்று நின்றார்கள். 1871-இல் வெளிவந்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் ‘தேவன்’ நமக்குத் தாய்ப்பாலாகிவிட்டது. 1995-இல் திருவிவிலியம் ‘கடவுள்’ என்று வந்தபோது, என் சபையில் அதை வாசித்த இளைஞனைப் பாதியில் நிறுத்தி உட்காரச் சொன்னவர்களை நான் பார்த்தேன். இப்படிப்பட்டவற்றைப் பேசலாம், முப்பது வருஷம்கூடப் பேசலாம். பழைய சொல்லோடு ஒருவர் ஜெபித்தால் அடுத்தவர் தலை குனிய வேண்டியதில்லை.

வடக்கன்குளம் அப்படியல்ல. வேதசாட்சி தேவசகாயம் 1745-இல் ஞானஸ்நானம் பெற்ற ஊர் அது. அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்க ஆலயத்துக்கு இரண்டு கைகள். இரண்டும் பீடத்தில் வந்து சேரும். ஒன்றில் வெள்ளாளர், மற்றதில் நாடாரும் பிறரும். பூசை வைக்கும் குருவை இரு தரப்பும் பார்க்கலாம். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. கட்டடக் கலையைக் கொண்டு ஒரு சண்டையைச் சமாதானம் செய்திருந்தார்கள். 1910-இல் கௌசானல் அடிகளார் நடுத்தடுப்பை இடித்தார். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிற்று. சாதியைச் சொல்லி ஆலயத்துக்குள் தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று முடிந்தது. அடிகளார் இன்னும் சில ஆண்டுகள் பேசிப் பார்த்திருக்கலாம் என்று சொல்பவர்களை நான் சந்தித்திருக்கிறேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் முழங்கால் படியிட்டவர்களிடம் அதைச் சொல்ல முடியுமா?

அதனால்தான் அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்துக்கு நான் அடிக்கடி போகிறேன். முதல் சபையின் முதல் முறுமுறுப்பு பந்தியைப் பற்றியது. அன்றாடம் பகிர்ந்து கொடுப்பதில் கிரேக்கம் பேசும் விதவைகள் விடுபட்டுப் போனார்கள். அப்போஸ்தலர் எபிரெயப் பக்கத்து ஆட்கள். சபை ஏழுபேரைத் தெரிந்துகொண்டது: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். பாதிக்குப் பாதி என்று கணக்குப் போடவில்லை. இனிக் கவனமாகக் கொடுக்கிறோம் என்று வாக்குக் கொடுத்தும் அனுப்பவில்லை. முறையிட்டவர்கள் பக்கத்து ஆட்களின் கையிலேயே அகப்பையைக் கொடுத்தார்கள். பரிமாறுகிறவன் தன்னவனானால் கடைப்பந்தியில் உட்கார்ந்தால் என்ன என்று நம் ஊரில் சொல்வதுண்டு. எருசலேம் சபைக்கு அந்த விவரம் தெரிந்திருந்தது.

அகப்பை கை மாறாத இடத்தில் ஜனங்கள் எழுந்து போய்விடுகிறார்கள். நாசரேத் பக்கத்தில் சட்டாம்பிள்ளை என்பவர் 1857-இல் ஐரோப்பியர் எவரும் தலையிடாத தனிச்சபையை எழுப்பினார். அவர் சனிக்கிழமையை ஓய்வுநாளாக வைத்ததைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். அதற்கு முன் அவரை மிஷன் பதவியிலிருந்து நீக்கியபோது அவர் சொன்னதைக் கேட்க யார் இருந்தார்கள் என்று நான் கேட்கிறேன்.

இப்போது நம் பெரியவரின் மினிட்ஸ் புத்தகத்துக்கு வருகிறேன். சொல்லக் கஷ்டமாக இருக்கிறது; ஆனாலும் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஊர் அசனம், அதாவது சபையாரின் பொதுவிருந்து, பெரியது. கோட்டை அடுப்பு வெட்டுவதும், விறகு சுமப்பதும், மறுநாள் அண்டாவைப் புளி போட்டுத் தேய்ப்பதும் தெற்குத் தெருக் குடும்பங்கள். அவர்களுக்கும் அதே வரி, அதே சங்கக் காணிக்கை. பந்தியில் பரிமாறுவது மட்டும் மற்றவர்கள். எனக்குப் பதினேழு வயது. கூட்டத்துக்குக் காப்பி கொண்டுபோனேன். கோடு போட்ட நோட்டுத் தாளில் ஒரு மனு வந்திருந்தது. இந்த வருஷ அசனத்தில் நாங்களும் பரிமாற உத்தரவு வேண்டும் என்று இருபத்து மூன்று பேர் கையெழுத்து, அதில் நான்கு கைநாட்டு. யாரும் அதை எதிர்த்துப் பேசவில்லை. நேரம் குறைவு, ஏற்பாடெல்லாம் ஆகிவிட்டது, அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். என் அப்பாவும் கை தூக்கினார்.

அந்த வருஷம் அவர்கள் அடுப்பு வெட்டினார்கள், விறகும் சுமந்தார்கள். அடுத்த ஞாயிறு அவர்கள் உட்காரும் பக்கம் காலியாக இருந்தது. கிறிஸ்மஸுக்கு முன் ரோட்டோரம் ஓர் ஓலைக் கொட்டகை எழும்பியது. இன்று அது காங்கிரீட் கட்டடம். அவர்கள் வீட்டுச் சாவுக்கு எங்கள் கோவில் மணி அடிப்பதில்லை. அவர்களை ‘பிரிஞ்சு போனவுக’ என்றே எங்கள் ஊரில் சொல்கிறோம். இத்தனை வருஷமும் நானும் அப்படித்தான் சொன்னேன்.

அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதம், வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தபோது, “அன்னைக்கு நானும் கையத் தூக்கினேம்லா” என்றார். அதற்குமேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

அந்தப் பக்கத்தைப் போன மாதம் கண்டெடுத்தேன். ‘மேற்படி பொருள் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.’ அடுத்த கூட்டத்தின் குறிப்பில் அரிசி மூட்டைக் கணக்கு இருக்கிறது, விறகுச் செலவு இருக்கிறது. அந்தப் பொருள் இல்லை. அதற்குப் பின் வந்த எந்தக் கூட்டத்திலும் இல்லை. ஆனால் மனு இருக்கிறது. நம் பெரியவர் அதைக் கிழித்துப் போட்டிருந்தால் கேட்க ஆளில்லை. அவர் அதை அந்தப் பக்கத்திலேயே குண்டூசியால் குத்தி வைத்திருக்கிறார். ஊசி துருவேறி, கைநாட்டு ஒன்றின்மேல் செம்பழுப்புக் கறை படிந்திருக்கிறது. இந்த மேடையில் நின்று அவரை நான் மனமாரப் போற்றுவது அந்தக் குண்டூசிக்காக.

நம் பேராயங்களில் இன்று தேர்தலுக்கு அணி கட்டுகிறார்கள்; தோற்ற அணி கோர்ட்டுக்குப் போகிறது; தடையாணை வாங்கிய நாளில் வெடி போடுகிறார்கள். இதையெல்லாம் கண்டித்துப் பேசத்தான் என்னை அழைத்தீர்கள் என்று நினைக்கிறேன். என் வீட்டார் கையில் இருந்த அகப்பையைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு அடுத்தவரைக் கண்டிக்க எனக்கு வாய் எழவில்லை.

சென்ற வாரம் எங்கள் சேகரச் செயலருக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். ஒத்திவைத்த அந்தப் பொருளை இந்த மாதக் கூட்டத்தில் முதலாவதாக எடுக்க வேண்டும், தெற்குத் தெருச் சபையாரை அழைத்து அவர்கள் முன்னிலையில் அந்த மனுவை வாசிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் வருவார்களா என்று தெரியாது. நாற்பது வருஷத்துக்குப் பின் எதற்கு என்று அவர்கள் கேட்டால், அதுவும் நியாயமான கேள்வியே. கூட்டம் வருகிற சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. மனுவை எடுத்துக்கொண்டு ஐந்தரைக்கே போய் உட்கார்ந்திருப்பேன்.