பசியும் பழியும்

ஸ்தூல சரீரம் படைத்த ஒருவரைக் கண்டதும், ‘வாயைக் கட்டத் தெரியாதவர்’ என்று நாம் மனத்துக்குள் வழங்கிவிடும் தீர்ப்பு எப்போதும் நியாயமானதுதானா என்பதை, அமெரிக்காவின் மெய்ன் மாகாணத்து ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த சில சுண்டெலிகளின் சரித்திரத்தைக் கொண்டு இன்று சற்றே விசாரிக்கலாம்.

பிறவியிலேயே அடங்காப் பசியும் பருமனும் கொண்ட இருவகைச் சுண்டெலிகள் அங்கே இருந்தன. அவற்றைப் பிற எலிகளோடு உடலால் இணைத்து, இரண்டின் இரத்தமும் ஒன்றோடொன்று கலக்குமாறு செய்து பார்த்தார் டக்ளஸ் கோல்மன் என்ற விஞ்ஞானி. இரண்டாம் வகை எலியோடு இணைக்கப்பட்ட சாதாரண எலி, எதிரே தீனி இருந்தும் அதைத் தொடாமல் பட்டினியால் மாண்டது. இரண்டாம் வகையோடு இணைக்கப்பட்ட முதல் வகை எலிக்கும் அதே கதி நேர்ந்தது. இரண்டாம் வகை எலியோ கொழுத்தவண்ணமே இருந்தது. ‘போதும்’ என்று உணர்த்தும் ஹார்மோன் முதல் வகையில் உற்பத்தியாகவில்லை என்றும், இரண்டாம் வகையில் அது அபரிமிதமாகச் சுரந்தும், அதைக் கிரகிக்க வேண்டிய ஏற்பி பழுதுபட்டிருக்கிறது என்றும் கோல்மன் அனுமானித்தார். 1994-இல் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் லெப்டின் என்னும் அந்த ஹார்மோனின் மரபணுவையும், மறு ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் அதன் ஏற்பியையும் கண்டறிந்தபோது அந்த அனுமானம் மெய்யாயிற்று.

1998-இல், பிரான்ஸ் தேசத்து ஆய்வாளர்கள் ஒரே குடும்பத்துச் சகோதரிகள் மூவரிடம் இதே ஏற்பிக் குறையைக் கண்டார்கள். இரத்தத்தில் லெப்டின் மிகுந்திருந்தும் அதன் செய்தி அவர்கள் மூளைக்கு எட்டவில்லை. ஹார்மோனே இல்லாத குழந்தைக்கு லெப்டின் ஊசி சஞ்சீவியாகும்; ஏற்பி பழுதானவருக்கோ அதனால் பயன் இல்லை.

இது அபூர்வமான குறை. ஆனால் லெப்டினின் செய்தி மூளைக்குள் செல்லும் வழியில் உள்ள எம்.சி.4.ஆர். என்ற மற்றோர் ஏற்பியின் குறை அத்தனை அபூர்வமன்று. சிறுவயதிலேயே கடும் பருமனுற்ற 500 பேரைக் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் பரிசோதித்து 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 29 பேரிடம் அந்த ஏற்பியின் மரபணு மாறியிருந்தது. அதே ஏற்பியை இயல்பினும் ஊக்கமாக இயக்கும் மாறுதல்களும் உண்டு. அவற்றைப் பெற்றவர்கள் பருமனாவது குறைவு என்று 2019-இல் தெரியவந்தது. ஒருவர் மெலிவதும் மற்றவர் பருப்பதும் புலனடக்கத்தின் கணக்கு மட்டுமே அன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மித ஆகாரமும் தேகப்பயிற்சியும் யாவருக்கும் நன்மையே. ஆயினும், பால்குடிப் பருவத்திலிருந்தே பசி தீராத குழந்தைக்கு முதலில் தேவைப்படுவது உபதேசமன்று, மரபணுப் பரிசோதனை; ஏனெனில், பழுதான லெப்டின் ஏற்பியைக் கடந்து எம்.சி.4.ஆரை நேரே தூண்டும் மருந்துக்கு அமெரிக்க அரசு 2020-இல் அனுமதி அளித்துவிட்டது.