ஆற்றங்கரை நிலமும் நம் அமானிதமும்

(நமது டிரஸ்டின் பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

  

கல்வி உதவி, மருத்துவ உதவிக் கணக்குகளை வாசித்து முடித்துவிட்டோம். இனி ஒரு பொருள்தான் பாக்கி. தாமிரபரணிக் கரையில், படித்துறைக்கு மேற்கே உள்ள தோப்பை டிரஸ்ட் விலைக்கு வாங்கலாமா, வேண்டாமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அந்தத் தோப்பை அறியாதவர் நம்மில் இல்லை. தனியார் பட்டா நிலம்தான். ஆனால் உரியவர் ஒருநாளும் வேலி போட்டு யாரையும் தடுத்ததில்லை. நாம் நீச்சல் பழகியது அங்கேதான். பெருநாள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதும் அங்கேதான். அவர் மவுத்தான பிறகு, வெளியூரில் இருக்கும் வாரிசுகள் விற்பதென்று முடிவு செய்துவிட்டார்கள். மனை பிரித்து விற்க ஆள் வந்து கேட்டாயிற்று. இருந்தாலும் நமக்கு மரியாதை கொடுத்து, ரமலானுக்குள் ஒரு பதில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

“குமர் காரியத்துக்கு வந்த மனுக்களே நிற்கின்றன. காற்று வாங்க ஒரு இடம் தேவையா?” என்று கமிட்டியிலேயே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. எனவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறோம்: ஜகாத் பணத்தில் ஒரு ரூபாயையும் இதற்குத் தொட மாட்டோம். ஜகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரைத் திருக்குர்ஆன் 9:60 வசனம் வரையறுத்துவிட்டது. தோப்பு வாங்குவது அதில் சேராது. விரும்பிக் கொடுப்பவர்களின் ஸதகாவைத் தனிக் கணக்கில் வாங்குவோம். குமர் காரிய நிதி இருந்தபடியே இருக்கும்.

தனியாரிடம் இருப்பதை வாங்கிப் பொதுவில் விடுவது நம் மார்க்கத்துக்குப் புதிதா? மதீனாவில் ரூமா கிணற்றை உஸ்மான் (ரலி) அவர்கள் தம் சொந்தப் பணத்தில் வாங்கி எல்லோருக்கும் பொதுவாக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் கைபரில் தமக்குக் கிடைத்த நல்ல நிலத்தை என்ன செய்வதென்று நாயகம் (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார்கள். நிலத்தை அப்படியே நிறுத்தி, பலனைத் தர்மம் செய்ய வழி காட்டப்பட்டது. விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுரிமையாகப் போகக் கூடாது. வக்ஃபுக்கு அடிப்படை இதுதான்.

வெளியுலகமும் இந்த வழிக்கு வந்திருக்கிறது. இங்கிலாந்தில் தேம்ஸ் நதிக்கரையில் ரன்னிமீட் என்றொரு புல்வெளி. 1215-ல் அரசர் ஜான் மாக்னா கார்ட்டாவுக்கு இசைந்த இடம். அது கட்டடங்களுக்குப் போய்விடாமல் ஒரு குடும்பம் வாங்கிக் காத்தது. கணவர் இறந்த பின், 1929-ல் லேடி ஃபேர்ஹேவனும் அவருடைய இரு மகன்களும் அதை நேஷனல் டிரஸ்ட் என்ற அறநிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். இன்றும் பொதுமக்கள் அங்கே நடக்கிறார்கள், உட்காருகிறார்கள். அந்த நிறுவனம் தன் நிலங்களை விற்க முடியாதவை என்று அறிவிப்பதற்கு 1907-ல் சட்டமே செய்து கொடுத்தார்கள். நம் கிதாபுகளில் அந்த விதி அதற்கு எத்தனை நூற்றாண்டுகள் முன்பே இருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி இரு கரையும் புரண்டு வந்தது. அன்று அந்தத் தோப்பில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது, பிறகு வடிந்தது. மருத மரங்கள் நின்ற கரை அரிக்கவில்லை. அங்கே முப்பது வீடுகள் இருந்திருந்தால் அந்தத் தண்ணீர் எங்கே போயிருக்கும்? வீடு வாங்கியிருப்பவர்களும் நம் பிள்ளைகளாகத்தான் இருந்திருப்பார்கள்.

இன்னொன்று. நம் பெண்கள் நிம்மதியாக உட்கார இந்த மஹல்லாவில் வீட்டை விட்டால் வேறு இடம் எது? ஆண்களுக்குப் பள்ளிவாசல் திண்ணை இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. சர்க்கரை நோய்க்கு நடக்கச் சொன்ன டாக்டரிடம், “எங்கே நடக்க?” என்று கேட்ட தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள்.

வாங்குவதானால் சில நிபந்தனைகள். மூலப்பத்திரமும் வில்லங்கச் சான்றும் வக்கீல் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க மாட்டோம். சர்வேயரை வைத்து அளந்து, பட்டா நிலம் எது, ஆற்றுப் புறம்போக்கு எது என்று பிரிப்போம். புறம்போக்கு அரசுடையது, அதில் ஒரு சாண் கூட நமக்கு வேண்டாம். கல்யாண மண்டபம் கட்டினால் வருமானம் வருமே என்றார்கள். வேண்டாம். கட்டடம் இல்லை, மறுவிற்பனை இல்லை என்று பத்திரத்திலேயே எழுதுவோம். மருதம், நாவல், புங்கை நடுவோம். நீர்நிலை, பாதை, நிழல் ஆகிய இடங்களை அசுத்தம் செய்வதை நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். எனவே கழிப்பறை ஆற்றை விட்டுத் தள்ளி, தெருவை ஒட்டித்தான் வரும். படித்துறைக்கு எல்லாச் சமூகத்தாரும் வருகிறார்கள். தோப்பும் அவர்கள் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள் கரையோரம் கிடந்த குர்பானிக் கழிவை நாமே போய் அள்ளினோம். அதைப் போட்டவர்களும் நம்மவர்கள்தான். பத்திரம் பதிவு செய்துவிட்டால் மட்டும் ஆறு சுத்தமாகிவிடாது. அள்ளவும் காவல் காக்கவும் ஆட்கள் வேண்டும். பணம் கொடுக்க முடியாதவர்கள் அந்த உழைப்பைக் கொடுங்கள்.

அடுத்த ஜும்ஆவுக்குள் உங்கள் கருத்தை எழுதி டிரஸ்ட் அலுவலகத்தில் கொடுங்கள். வேண்டாம் என்பவர்கள் காரணத்தோடு கட்டாயம் எழுதுங்கள். பெரும்பான்மை மறுத்தால், வாரிசுகளுக்கு நன்றி சொல்லி விலகிக்கொள்வோம். சம்மதித்தால், இன்ஷா அல்லாஹ், நாம் கபருக்குப் போன பிறகும் அந்த நிழலில் யாரோ உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பறவை அங்கே நாவல் பழம் தின்றாலும் நட்டவருக்கு அது தர்மமாகும். அந்த நற்பேற்றை அல்லாஹ் நமக்குத் தருவானாக! ஆமீன்.