நாய் நடுங்கினால் குளிர்தான் என்று விட்டுவிடாதீர்கள்



பயிரைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பேச வேண்டியவர் இன்றைக்கு நாயைப் பற்றிப் பேச வந்துவிட்டாரே என்று நீங்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. நாய் நடுங்குவதற்கும் நாம் வயலில் தெளிக்கிற மருந்துக்கும் சில சமயம் தொடர்பு உண்டு. அதைப் போகப் போகச் சொல்கிறேன்.

சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு பக்கத்துக் கரிசல் கிராமங்களில் சிப்பிப்பாறை, கன்னி இன நாய்களைப் பிரியமாக வளர்க்கிறார்கள். நீண்ட கால், ஒட்டிய வயிறு, இறங்கிய மார்பு, கூர்மையான முகம். முன்பு முயல் வேட்டைக்கென்றே வளர்த்தார்கள். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேட்டைக்கு இடமில்லை. இப்போது காவலுக்கும் ஆசைக்கும் வளர்க்கிறோம். மேல்நாட்டில் கிரேஹவுண்ட் என்று ஓர் இனம் உண்டு. அதுவும் இதே உடல்வாகுதான். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டுகளை இங்கிலாந்தில் வீட்டில் வைத்து வளர்க்கிறவர்கள், குளிர்காலத்தில் அவற்றுக்குச் சட்டை போட்டுத்தான் வெளியே கூட்டிப் போவார்கள். ஏன்? இந்த வாகு நாய்களுக்கு நடுக்கம் சீக்கிரம் வரும்.

நடுக்கம் என்பது என்ன? குளிர் பட்டதும் மூளை தசைகளுக்கு உத்தரவு போடுகிறது. தசைகள் வெடவெடவென்று சுருங்கி விரிகின்றன. அப்போது உடம்பில் உள்ள சத்து எரிந்து சூடு பிறக்கிறது. அதாவது நடுக்கம் என்பது உடம்பு தானே மூட்டிக்கொள்கிற அடுப்பு.

மற்ற நாய்க்கு வராத நடுக்கம் இதற்கு மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். இதன் தோல் மெல்லியது. தோலுக்கு அடியில் கொழுப்பு மிகவும் குறைவு. மயிர் குட்டை, அடிமயிரும் அடர்த்தியாகக் கிடையாது. உடம்போ ஒடுங்கி நீண்டது. தட்டில் ஊற்றிய கஞ்சி, கும்பாவில் ஊற்றிய கஞ்சியைவிட முந்தி ஆறிவிடும் அல்லவா? அதே கணக்குத்தான். மார்கழிப் பனியில் வெறுந்தரையில் கட்டிப் போட்டால் நாட்டு நாய் சுருண்டு தூங்கும். சிப்பிப்பாறை நடுங்கும்.

குளிர் மட்டும் காரணமல்ல. மகிழ்ச்சியிலும் நடுங்கும். நீங்கள் சங்கிலியை எடுத்தவுடன், ஓடப் போகிறோம் என்ற துடிப்பில் தொடை நடுங்கும். பயத்திலும் நடுங்கும். தீபாவளி வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கு அடியில் போய் ஒடுங்குவதைப் பார்த்திருப்பீர்கள். இவையெல்லாம் காரணம் நீங்கியதும் நின்றுவிடும். கவலை வேண்டாம்.

இங்கேதான் ஓர் ஆபத்தும் இருக்கிறது. "இந்தச் சாதி நாய் எப்பவும் நடுங்கத்தானே செய்யும்!" என்று சொல்லிப் பழகிவிடுகிறோம். ஒருநாள் உண்மையான நோயில் நடுங்கும்போதும் அதே பேச்சைப் பேசி ஒரு சாக்கை மட்டும் போர்த்திவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். திரும்பி வரும்போது காரியம் கைமீறிப் போயிருக்கும்.

ஆகவே நாய் நடுங்கினால், நடுக்கத்தை மட்டும் பார்க்காதீர்கள். கூட வேறு என்ன இருக்கிறது என்று பாருங்கள். வாயைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள், நடையைப் பாருங்கள்.

முதலில் நான் சொன்ன மருந்து விஷயத்துக்கு வருகிறேன். மானாவாரிக் கரிசலில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மருந்தடிக்கிற காலமும், பனிக்காலமும் ஒன்றாகவே வருகின்றன. 2018-இல் தமிழ்நாட்டு மக்காச்சோளத்தில் படைப்புழு புகுந்த பிறகு தெளிப்பும் கூடிவிட்டது. தவிடும் வெல்லமும் பூச்சிமருந்தும் கலந்து நச்சுத் தீனி வைக்கிறோம். வெல்ல வாசனைக்குப் புழு மட்டுமா வரும்? நாயும் வரும். மருந்து கலக்கிய வாளியை நக்கும், தெளிப்பான் கழுவிய தண்ணீரைக் குடிக்கும்.

இன்னொரு பழக்கமும் நம்மிடம் உண்டு. உண்ணி விழட்டும் என்று பயிருக்கு அடிக்கிற மருந்தை நாயின் மேல் பூசுகிறோம். தயவுசெய்து இதை விட்டுவிடுங்கள். அதன் தோல் வழியாகவும் விஷம் உள்ளே போகும். பூசியதை அது நக்கவும் செய்யும். உண்ணிக்கு நாய்க்கென்றே மருந்து இருக்கிறது. கால்நடை மருத்துவரைக் கேட்டு, நாயின் எடைக்குத் தக்க அளவு வாங்குங்கள்.

பூச்சிமருந்து விஷம் ஏறினால் அடையாளம் என்ன? வாயில் எச்சில் ஒழுகும். கண்ணில் நீர் வடியும். வாந்தி, கழிச்சல் இருக்கும். கண்ணின் பாவை ஊசிமுனைபோலச் சுருங்கலாம். தசைகள் அங்கங்கே துடிக்கும், நடை தள்ளாடும், மூச்சு திணறும். எல்லா அடையாளமும் வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள். உடம்பில் மருந்து பட்டிருந்தால் கையுறை போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், எண்ணெய் என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் அதுவே எமன். மருந்து டப்பாவை லேபிளோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால்தான் டாக்டர் சரியான மாற்று ஊசி போட முடியும். இதில் மணிக்கணக்கு இல்லை, நிமிடக் கணக்குத்தான்.

அடுத்தது, குட்டி போட்ட தாய் நாய். பசுவுக்குக் கன்று ஈன்றதும் பால் காய்ச்சல் வருவது உங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புச் சத்து பாலில் போய்விட, ரத்தத்தில் குறைந்துவிடுகிறது. அதேபோல் நாய்க்கும் வரும். பெரும்பாலும் குட்டி போட்ட முதல் நான்கு வாரத்துக்குள் வரும். பசு சில்லிட்டுப் படுத்துவிடும். நாய்க்கு அப்படியல்ல. கால் விறைத்து, மூச்சு வாங்கி, நடுங்கி, உடம்பு கொதிக்கும். நாயின் சாதாரணச் சூடு 101 முதல் 102.5 டிகிரி வரை. இதில் 105-க்கு மேலும் போகலாம். உடனே குட்டிகளைப் பிரித்து வைத்துவிட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள். சுண்ணாம்புச் சத்து ஊசியை நரம்பில் மெதுவாக ஏற்றினால் நாய் எழுந்துவிடும்.

மூன்றாவது, டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய். முதலில் காய்ச்சல், மூக்கிலும் கண்ணிலும் சீழ், இருமல், கழிச்சல். சில வாரம் கழித்துத் தாடையோ ஒரு காலோ விட்டுவிட்டுத் துடிக்கும். குளிர் நடுக்கம் கதகதப்பில் அடங்கிவிடும். இந்தத் துடிப்பு தூங்கும்போதும் தொடரும். இந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ஆனால் தடுப்பூசி இருக்கிறது. ஆறு முதல் எட்டு வார வயதில் முதல் ஊசி, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில் மறு ஊசிகள்.

வேகமாக ஓடவிட்ட பிறகு தொடை இறுகி, நடுங்கி, சிறுநீர் காப்பி நிறத்தில் போனால் தசை சிதைந்திருக்கிறது என்று பொருள். அதுவும் அவசரம்தான். நடுக்கத்தோடு நாயின் குணமும் மாறி, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் எச்சில் வடிந்தால் வாயில் கை வைக்காதீர்கள். வெறிநோயாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டுவிட்டால் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள்.

இந்த அடையாளம் எதுவும் இல்லையா? அப்போது பனி படாத இடத்தில், தரையில் படாமல் ஒரு பலகை போட்டு, காய்ந்த சாக்கு விரித்துப் படுக்க வையுங்கள். பழைய சட்டை ஒன்றை மாட்டிவிடுங்கள். நனைந்திருந்தால் துவட்டிவிடுங்கள். குளிர் மாதங்களில் தீனியைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள், அடுப்புக்கு விறகு வேண்டுமே! அரை மணியில் நடுக்கம் அடங்கி, கூப்பிட்டால் வாலை ஆட்டி வந்து தின்றால் அது வெறும் குளிர்தான். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆகவே விவசாயப் பெருமக்களே, மூன்றை நினைவில் வையுங்கள். மருந்தடிக்கிற நாளிலும் நச்சுத் தீனி வைத்த நாட்களிலும் நாயை வீட்டில் கட்டுங்கள். பயிர் மருந்தை நாய் மேல் பூசாதீர்கள். நடுங்குகிற நாயைக் கண்டால் போர்த்துவதற்கு முன்னால் அதன் வாயையும் கண்ணையும் நடையையும் ஒருமுறை பாருங்கள். இரவெல்லாம் நம் களத்தைக் காக்கிற சீவனுக்கு அந்த ஒரு நிமிடத்தை நாம் கொடுக்க வேண்டாமா?