புகையில்லாத அடுப்படி



அறிவியல் புனைகதை என்றதும் இந்தப் பெங்களூரில் முதலில் நாவில் வரும் பெயர் சுஜாதா. பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர், நம்மோடு வாழ்ந்தவர். அவர் பிறப்பதற்கு 30 ஆண்டுகள் முன்பே சென்னையில் அச்சேறிய ஒரு கதையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எழுதியவர் ரொக்கேயா சகாவத் ஹுசைன். 1880-இல், இன்றைய வங்கதேசத்தில் ரங்பூர்ப் பக்கம் பைராபந்த் கிராமத்தில் பிறந்தார். அந்த வீட்டில் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. ஊர் உறங்கிய பிறகு அண்ணன் ரகசியமாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். அந்த ஆங்கிலத்தில் பிறந்ததுதான் 'சுல்தானாவின் கனவு'. கமலா சத்தியநாதன் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' 1905-இல் அதை வெளியிட்டது.

கதையில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை ஆள்கிறார்கள். இதை மட்டும் பார்த்து, சீர்திருத்தக் கதை என்று ஓரமாக வைத்துவிடுகிறோம். எனக்கு அது சம்மதமில்லை. அங்கே பெண்களுக்கென்று இரண்டு பல்கலைக்கழகங்கள். ஒன்று மேகத்திலிருந்து நேராக நீரை இறக்குகிறது. மற்றொன்று சூரிய வெப்பத்தைத் திரட்டிச் சேமிக்கிறது. வீட்டுக்குள் அடங்குவதற்கு முன், படைபலம் பெருக்குவதில் மூழ்கிய ஆண்கள் இந்த ஆராய்ச்சியை ஏளனம் செய்கிறார்கள். பகைவன் வருகிறான், படை தோற்கிறது. அப்போது 2,000 மாணவிகள் திரட்டிய வெப்பத்தை எதிரியின் மேல் திருப்பிப் போரை முடிக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியை எடுத்துவிட்டால் கதையே நகராது. அறிவியல் புனைகதைக்கு வேறென்ன இலக்கணம் வேண்டும்? அடுப்படியில் கரி இல்லை, புகை இல்லை, வெயிலில் சமையல்! பாவகடாவில் 2,000 மெகாவாட் சூரியமின் பூங்கா பரந்து கிடக்கும் மாநிலத்தில் நின்று இதைச் சொல்கிறேன்.

ரொக்கேயா, கணவர் மறைந்த 1909-இலேயே பாகல்பூரில் ஐந்து சிறுமிகளோடு பள்ளி தொடங்கினார். பிறகு அதைக் கல்கத்தாவுக்குக் கொண்டுபோய், எட்டுப் பேரோடு மறுபடி ஆரம்பித்தார். 1932 டிசம்பரில் காலமானார்.

கதையில் பெண்கள் ஆராய்ச்சி செய்தார்கள்; நிஜத்தில் அது எளிதாக இருக்கவில்லை. ரொக்கேயா மறைந்த அடுத்த வருடம், நாம் டாட்டா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்துக்கு, பம்பாயில் பட்டம் பெற்ற கமலா பாகவத் ஆராய்ச்சி செய்ய வந்தார். இயக்குநர் சர் சி.வி. ராமன், பெண் என்பதால் இடம் மறுத்தார். கமலா விடவில்லை. ஒரு வருடம் சோதனைக்காலம் என்ற நிபந்தனையோடு சேர்ந்தார், உழைத்துக் காட்டினார். அதன் பிறகு ராமனே மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டார். கமலா 1939-இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார்.