வெந்நீரும் சவுனாவும்: யாருக்கு நல்லது, யாருக்கு ஆகாது?

சுங்கைப்பட்டாணி, கூலிம், பாடாங் செராய், கோலா கெடா என்று எங்கிருந்து கேட்டாலும், உங்களில் பலர் பாலிங் பக்கம் உள்ள உலு லெகோங் வெந்நீர்க் குளத்தில் இறங்கியிருப்பீர்கள். சிலர் ஹோட்டலிலோ உடற்பயிற்சி நிலையத்திலோ சவுனா அறைக்கும் போகிறீர்கள். "தோல் பளபளக்கும், உடம்பிலுள்ள விஷமெல்லாம் வேர்வையில் இறங்கிவிடும்" என்கிறார்களே, அது மெய்தானா?

விஷம் இறங்குவது மெய்யில்லை. வேர்வையில் பெரும்பகுதி தண்ணீர், அதோடு கொஞ்சம் உப்பு. கழிவைப் பிரித்து வெளியேற்றும் வேலை கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. சவுனாவில் ஒரு தடவை உட்கார்ந்தால் அரைக் கிலோ வரை எடை குறையலாம். அதுவும் தண்ணீர்தான், குடித்ததும் திரும்பிவிடும்.

ஆனால் வேறு நன்மை உண்டு. பின்லாந்துச் சவுனாவில் 80 முதல் 100 பாகை வரை உலர்ந்த சூடு இருக்கும். அந்தச் சூட்டில் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, இதயத் துடிப்பு கூடுகிறது. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. வாரம் ஒரு நாள் போனவர்களைவிட, நான்கு முதல் ஏழு நாள் போனவர்களிடம் திடீர் இதய மரணம் மிகக் குறைவாக இருந்தது. அதற்குச் சவுனா மட்டுமே காரணம் என்று அந்த ஆய்வை வைத்துச் சொல்லிவிட முடியாது. மருந்துக்கு மாற்றாகவும் சவுனாவை எடுத்துக்கொள்ளக் கூடாது.

தோலுக்கு வருவோம். சூடு பட்டதும் முகம் சிவந்து மினுக்கும். சற்று நேரத்தில் அது அடங்கிவிடும். தொடர்ந்து சவுனா எடுப்பவர்களுக்கு நெற்றியில் எண்ணெய் வழிவது குறைந்ததாக ஒரு சிறிய ஆய்வு சொல்கிறது. கரப்பான் உள்ளவர்களுக்கோ அரிப்பு கூடலாம். படர்தாமரை இருந்தால் முதலில் அதற்கு மருந்து போடுங்கள். ஈரமும் சூடும் அதை வளர்க்கும். குளித்து முடித்ததும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, ஈரப்பதம் காக்கும் களிம்பைத் தடவுங்கள்.

இனி நான் சொல்வதை இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனமாகக் கேளுங்கள். நம் நாட்டில் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு அந்த நோய் இருப்பதாக 2023 தேசியச் சுகாதார ஆய்வு சொல்கிறது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். நாள்பட்ட இனிப்பு நீரால் பாதம் மரத்துப் போகலாம்; அப்போது சூடு உறைக்காது. காற்றைவிடத் தண்ணீர் மிக வேகமாகச் சூட்டை உடம்புக்குள் ஏற்றும். அதனால் 80 பாகைக் காற்றில் பத்து நிமிடம் உட்கார முடிந்தவருக்கும் 50 பாகைத் தண்ணீர் தோலை வேகவைத்துவிடும். காலை விட்டுச் சூடு பார்க்காதீர்கள். மரத்துப் போகாத ஒருவரை முழங்கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதத்தில் புண் இருந்தால் இறங்கவே வேண்டாம்.

இரத்தக் கொதிப்புக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் சூட்டிலிருந்து சட்டென்று எழுந்தால் மயங்கி விழலாம். மெதுவாக எழுந்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்து, பிறகு நடங்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், அடிக்கடி நெஞ்சு வலிக்கிறவர்கள், கர்ப்பிணித் தாய்மார்கள் டாக்டரைக் கேட்காமல் போக வேண்டாம். பிள்ளைக்கு முயலும் ஆண்களும் கொஞ்ச காலம் தள்ளிப்போடுங்கள். அதிகச் சூடு விந்தணுக்களைக் குறைக்கும்.

பியர் குடித்துவிட்டு யாரும் இறங்கக் கூடாது. சவுனாவில் நேர்ந்த மரணங்கள் பலவற்றில் மதுவுக்குப் பங்கு இருந்திருக்கிறது.

நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். சவுனாவுக்குப் பதில் நீராவி அறைக்குப் போனால் அங்கே ஈரம் இன்னும் அதிகம், வேர்வை காயாது. காயாவிட்டால் உடம்பு குளிராது. ஆகவே புதிதாகப் போகிறவர்களுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். முன்னும் பின்னும் தண்ணீர் குடியுங்கள். தலை சுற்றினாலோ நெஞ்சு படபடத்தாலோ அந்த நிமிடமே வெளியே வாருங்கள்.

அடுத்த முறை அரசாங்கக் கிளினிக்குக்கு மருந்து வாங்கப் போகும்போது, "டாக்டர், நான் வெந்நீர்க் குளத்தில் இறங்கலாமா?" என்று கேளுங்கள். அவர் சரி என்றால் வீட்டாரோடு நிம்மதியாகப் போய்க் குளித்து வாருங்கள்.